அவதூறு வழக்கு: சொத்து வழக்குகளையே நடத்திவரும் வழக்கறிஞர் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: உரிமையியல் வழக்கறிஞர், ஈரோடு (2025 ஜூலை)

மூத்தவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். பாகப்பிரிவினை, விக்கிரய ஒப்பந்தம், வாடகை ஆகிய வழக்குகளையே பெரும்பாலும் நடத்தி வருகிறேன். அவதூறு வழக்கு எதையும் தொடக்கத்திலிருந்து நானே நடத்தியதில்லை. இப்போது என்னுடைய நெடுநாள் கட்சிக்காரர் ஒருவர் அப்படியொரு வழக்கோடு வந்திருக்கிறார். வேறு வழக்கறிஞரிடம் போக அவருக்கு மனமில்லை.

அவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கச் செயலாளர். சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டது. அதே குடியிருப்பில் வீடு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர், குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் 2024 மே மாதம், "ஜெனரேட்டருக்கு ஊற்றுகிற டீசலில்தான் செயலாளர் வீட்டு மாடி எழும்புகிறது" என்று எழுதினார். 2025 மார்ச் மாதம் மீண்டும், "பெயின்ட் கான்ட்ராக்டில் செயலாளருக்கு எவ்வளவு போனது என்று கான்ட்ராக்டரையே கேளுங்கள். இந்தத் திருடனிடம் இனி யாரும் மெயின்டனன்ஸ் பணம் கட்டாதீர்கள்" என்று பதிவிட்டார். அதே மாதம் நடந்த பொதுக்குழுவில் இதையே வாய்மொழியாகவும் சொன்னார். ஏப்ரலில் மாவட்டப் பதிவாளருக்கு இதே குற்றச்சாட்டுகளோடு மனு அனுப்பியிருக்கிறார்.

என் கட்சிக்காரர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ஏற்புச் சான்றும் வாங்கி வைத்திருக்கிறார். ஒரு கோடி ரூபாய் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட வேண்டும், எழுதியவரைச் சிறையில் தள்ள வேண்டும், குழுவின் அட்மினையும் சேர்க்க வேண்டும், இனி அவர் எதையும் எழுதாதபடி தடை வாங்க வேண்டும் என்பவை அவருடைய கோரிக்கைகள். இவற்றில் எதை எங்கிருந்து தொடங்குவது என்று அடிப்படையிலிருந்து விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: குற்றவியல் வழக்கறிஞர், மதுரை

வணக்கம் சார். முதலில் காவல் நிலையத்தை விட்டுவிடுங்கள். அவதூறு என்பது பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாத, ஜாமீனில் விடத்தக்க குற்றம். குற்றவியல் அவதூறுச் சட்டம் அரசமைப்புக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் தீர்ப்பளித்தபோது, இதில் முதல் தகவல் அறிக்கை பதியவோ, அப்படிப் பதியுமாறு நடுவர் உத்தரவிடவோ இடமில்லை என்பதையும் தெளிவுபடுத்தியது. பாதிக்கப்பட்டவர் தாமே நடுவர் முன்பு தனிநபர் புகார் தாக்கல் செய்து தம் வழக்கைத் தாமே நடத்த வேண்டும். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் போடலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே நீக்கிவிட்டது.

அடுத்து, எந்தச் சட்டம் என்ற கேள்வி. உங்கள் வழக்கில் இது முக்கியமானது. 2024 மே மாதப் பதிவு, புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1ஆம் தேதிக்கு முந்தியது. ஆகவே அதற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளே பொருந்தும். 2025 மார்ச் பதிவுக்கு, அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. வரையறையும், எவையெல்லாம் அவதூறு ஆகா என்று சொல்லும் பத்து விதிவிலக்குகளும் ஏறத்தாழ அப்படியே வந்திருக்கின்றன. தண்டனையில் மட்டும், இரண்டாண்டு வரையிலான வெறுங்காவல், அபராதம் என்பவற்றோடு சமூக சேவையும் சேர்ந்திருக்கிறது. ஆனால் புகாரை இப்போது தாக்கல் செய்வதால் இரண்டுக்கும் நடைமுறை, பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படிதான். அதன் 223ஆம் பிரிவில் புதிதாக வந்திருக்கும் வரம்புரையை (நிபந்தனை வாசகத்தை) கவனியுங்கள்: எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்காமல் நடுவர் குற்றத்தைக் கவனத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்பெல்லாம் புகார்தாரரின் பிரமாண வாக்குமூலத்தைப் பதிந்து, முகாந்திரம் இருந்தால் அழைப்பாணை போய்விடும். எதிரி அதன்பிறகு உயர் நீதிமன்றத்துக்கு ஓடுவார். இப்போது அவர் வாசலிலேயே வந்து நின்று விதிவிலக்குகளைப் பேசலாம். எனவே விதிவிலக்குகளுக்கு விடை வைத்துக்கொள்ளாமல் புகார் எழுதுவது வீண்வேலை.

குற்றத்தின் கூறுகள் மூன்று. ஒருவரைப் பற்றிய சாட்டுரை (அவர்மேல் பழி சுமத்தும் பேச்சோ எழுத்தோ) இருக்க வேண்டும். அது மூன்றாமவர் ஒருவருக்கேனும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவருடைய நற்பெயருக்குத் தீங்கு செய்யும் எண்ணத்தோடோ, தீங்கு நேரும் என்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அது சொல்லப்பட்டிருக்க வேண்டும். நேருக்கு நேர் தனிமையில் "நீ திருடன்" என்று சொல்வது வேறு ஏதேனும் குற்றமாகலாம், அவதூறு ஆகாது. டீசல் பற்றிய பதிவில் திருட்டு என்ற சொல்லே இல்லையே என்று எதிர்த்தரப்பு சொல்லும். மாற்றுவகையிலோ குத்தலாகவோ சொன்னாலும் அது அவதூறாகலாம் என்று சட்டப்பிரிவின் மூன்றாம் விளக்கமே சொல்கிறது. மாடி எழும்புகிறது என்றால் என்ன பொருள் என்று குழுவில் படித்த எவரும் சொல்லிவிடுவார்கள். "கான்ட்ராக்டரைக் கேளுங்கள்" என்று கேள்வியாகப் போட்டதும் அப்படியே.

புகார் கொடுக்கத் தகுதியுள்ளவர் யார் என்பதில்தான் பல புகார்கள் விழுந்திருக்கின்றன. நடைமுறைச் சட்டத்தின் பழைய 199, இப்போதைய 222ஆம் பிரிவின்படி, அந்தக் குற்றத்தால் மனக்குறையுற்றவர் மட்டுமே புகார் தர முடியும். நம் மாநிலத்து எடுத்துக்காட்டுகள் இரண்டு நினைவில் இருக்கட்டும். 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மாநாட்டின் தீர்மானம் ஒன்றைப் பத்திரிகைகள் தவறாக வெளியிட்டன என்று வரவேற்புக் குழுத் தலைவர் புகார் கொடுத்தார். மாநாடு என்பது அடையாளம் கண்டு வரையறுக்கத்தக்க ஒரு குழு அல்ல, எனவே அதன் சார்பில் அவர் மனக்குறையுற்றவர் ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1972இல் நரசிம்மன் எதிர் சொக்கப்பா வழக்கில் சொன்னது. 2010இல் நடிகை குஷ்பு வழக்கில், பல ஊர்களிலிருந்து வந்த 23 புகார்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததற்கும், புகார் கொடுத்தவர்களில் எவரும் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் அல்லர் என்பது முக்கியமான காரணம். உங்கள் வழக்கில் "செயலாளர்" என்று பதவியைச் சொல்லியே எழுதியிருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சங்கத்தின் பெயரில் புகார் போட வேண்டாம். காயம் பட்டவர் அவர். அவர் பெயரிலேயே போடுங்கள்.

இனி விதிவிலக்குகள். முதலாவது, உண்மை. இங்கேதான் உரிமையியல் வழக்கறிஞர்கள் சறுக்குவார்கள்: உரிமையியல் வழக்கில் சொன்னது உண்மை என்று நிரூபித்துவிட்டால் அதுவே முழுமையான எதிர்வாதம். குற்றவியலில் உண்மை மட்டும் போதாது, பொதுநலனுக்காகச் சொல்லப்பட்டது என்பதும் சேர வேண்டும். எட்டாவது, அதிகாரமுள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் செய்வது. சங்கத்தின் விவகாரங்களை விசாரிக்கும் அதிகாரம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி பதிவாளருக்கு இருக்கிறது. ஆகவே ஏப்ரல் மாத மனுவை உங்கள் புகாரில் ஒரு தனிக் குற்றமாகச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் உங்கள் கட்சிக்காரர் விசாரணைக்குப் பயப்படுகிறார் என்ற எண்ணம்தான் நடுவருக்கு வரும். ஒன்பதாவது, தன் நலனையோ பிறர் நலனையோ காக்க நல்லெண்ணத்தோடு சொல்வது. எதிரி உறுதியாக இதைத்தான் பிடித்துக்கொள்வார். இங்கே நல்லெண்ணம் என்பது மனத்தூய்மையை மட்டும் குறிக்காது; உரிய கவனத்தோடும் எச்சரிக்கையோடும் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் வரையறை. எழுதுவதற்கு முன்பு அவர் கணக்கைக் கேட்டாரா, ரசீதுகளைப் பார்த்தாரா, யாரிடமாவது விசாரித்தாரா என்பதில்தான் வழக்கு நிற்கும். விதிவிலக்கை நிரூபிக்கும் சுமை எதிரியுடையது என்றாலும், அரசுத் தரப்பைப் போல ஐயத்துக்கு இடமின்றி அவர் நிரூபிக்க வேண்டியதில்லை, நிகழ்தகவின் மேலோங்கல், அதாவது அவர் சொல்வது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டுவது, போதும் என்று 1965இலேயே ஹர்பஜன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சிறையில் தள்ளும் ஆசையைப் பற்றி ஒரு சொல். 2023இல் சூரத் நீதிமன்றம் ராகுல் காந்திக்கு உச்சபட்சமான இரண்டாண்டுத் தண்டனை விதித்தபோது, உச்சபட்சத் தண்டனைக்கு விசாரணை நீதிபதி காரணம் எதுவும் சொல்லவில்லை என்பதைச் சுட்டிக்காட்டியே அந்த ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. முதன்முறையாகக் குற்றம் சாட்டப்பட்ட ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் சிறைக்குப் போவார் என்று கட்சிக்காரருக்கு நம்பிக்கை கொடுத்து வக்காலத்து வாங்காதீர்கள்.

பதில் 2: உரிமையியல் வழக்கறிஞர், சென்னை

மதுரை நண்பர் குற்றவியல் பக்கத்தை நிறைவாகச் சொல்லிவிட்டார். நான் மானநஷ்ட வழக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கட்சிக்காரர் கிளம்பிப் போனதும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, தேதிகளை ஒரு தாளில் எழுதுவது. சொத்து வழக்குகளில் பன்னிரண்டு ஆண்டு, ஒப்பந்த வழக்குகளில் மூன்று ஆண்டு என்று பழகிய நமக்கு அவதூறின் காலவரம்பு அதிர்ச்சியாகத்தான் இருக்கும். 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தில் 75, 76ஆம் இனங்கள்: எழுத்தானாலும் பேச்சானாலும் ஓராண்டுதான். எழுத்துக்கு அது வெளியான நாளிலிருந்து கணக்கு. ஆகவே 2024 மே மாதப் பதிவுக்கு உரிமையியல் வழக்கு ஏற்கனவே காலாவதி ஆகிவிட்டது. வழக்குரையில் அதைப் பின்னணியாக, எதிர்த்தரப்பின் உள்நோக்கத்தைக் காட்டுவதற்காகச் சொல்லலாம். அதற்கு இழப்பீடு கேட்க முடியாது. மார்ச் மாதப் பதிவுக்கும் பொதுக்குழுப் பேச்சுக்கும் 2026 மார்ச் வரை நேரம் இருக்கிறது. பதிவு இன்னும் குழுவில் அழியாமல் இருப்பதால் வழக்குத் தொடுக்க நாள்தோறும் புதிய காரணம் பிறக்கிறது என்று வாதிட நினைக்க வேண்டாம். இணையத்தில் ஒன்று இருந்துகொண்டே இருப்பது ஒவ்வொரு நாளும் புதிய வெளியீடு ஆகாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2013இல் காவர் பட் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதே ஆள் அதை வேறு குழுவுக்கு அனுப்பினால் அது வேறு கதை. குற்றவியலில் காலவரம்பு மூன்றாண்டு என்பதால் மே மாதப் பதிவு அங்கே உயிரோடுதான் இருக்கிறது; இந்த வேறுபாட்டைக் கட்சிக்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

வழக்குரையில், சொன்ன சொற்களை அப்படியே எடுத்தெழுத வேண்டும். "அவதூறான கருத்துகளைப் பரப்பினார்" என்று பொதுப்பட எழுதிய வழக்குரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்தச் சொல், எந்த நாள், எந்த நேரம், குழுவில் யார் யார், அதைப் படித்துச் செயலாளரைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொண்டவர்கள் யார் என்பவை எல்லாம் வர வேண்டும். சாட்சிக்கு அப்படிப் படித்தவர்கள் இரண்டு மூன்று பேராவது வேண்டும். கட்சிக்காரரின் மனைவியும் மைத்துனரும் போதமாட்டார்கள். பொதுக்குழுவில் வாயால் சொன்னதற்குத் தனி இழப்பை (குறிப்பிட்டுக் காட்டத்தக்க பண இழப்பை) நிரூபிக்க வேண்டுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பேச்சு அவதூறுக்குத் தனி இழப்பைக் காட்ட வேண்டும் என்ற ஆங்கிலேய விதி இங்கே பொருந்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1880களிலேயே பார்வதி எதிர் மன்னார் வழக்கில் தீர்த்துவிட்டது. கற்பைப் பழித்துப் பேசப்பட்ட ஒரு பெண் தொடுத்த வழக்கு அது. நம் நீதிமன்றம் தந்த நல்ல தீர்ப்புகளில் ஒன்று என்று நான் எப்போதும் நினைப்பதுண்டு.

ஒரு கோடி என்பதைக் கணக்காகப் பாருங்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் மூன்று விழுக்காடு. ஒரு கோடிக்கு மூன்று லட்சம் ரூபாய் முதலிலேயே கட்ட வேண்டும். ஐந்து லட்சம் கேட்டால் 15,000 ரூபாய். ஒரு குடியிருப்புக் குழுவுக்குள் நடந்த விஷயத்துக்கு ஒரு கோடி இழப்பு என்று நிரூபிக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. பெரிய தொகை எதிர்த்தரப்பை மிரட்டும் என்று கட்சிக்காரர் நினைப்பார். அந்தத் தொகையைப் பார்த்து நீதிபதியின் மனத்தில் எழும் எண்ணத்தை அவர் நினைத்திருக்க மாட்டார்.

இடைக்காலத் தடையும் எளிதில் கிடைக்காது. தான் எழுதியது உண்மை, நிரூபிக்கிறேன் என்று பிரதிவாதி சொன்னால் விசாரணைக்கு முன்பே அவருடைய வாயைக் கட்டுவதற்கு நீதிமன்றங்கள் தயங்கும். 1891இல் இங்கிலாந்தில் பொன்னார்ட் வழக்கில் தொடங்கிய நெறி இது. 2024 மார்ச்சில் புளூம்பெர்க் எதிர் ஜீ வழக்கில், செய்தி ஒன்றை நீக்குமாறு விசாரணை நீதிமன்றம் எதிர்த்தரப்பைக் கேளாமலே பிறப்பித்த உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, இவ்வகைத் தடைகள் மிக அரிதாகவே தரப்பட வேண்டும் என்று மீண்டும் வலியுறுத்தியது. அந்தத் தீர்ப்பு பத்திரிகை தொடர்பானது என்றாலும், உங்கள் எதிர்த்தரப்பு அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிற்கும்.

அட்மினை விட்டுவிடுங்கள். உறுப்பினர் எழுதியதற்கு அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021இல் சொன்னது. அதே ஆண்டு நம் மதுரைக் கிளையும் அதைப் பின்பற்றியது. அவரும் சேர்ந்து திட்டமிட்டார் என்பதற்குச் சான்று இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பதில் 3: வழக்கறிஞர், கோவை

இடையில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பொருள் இதோடு ஒட்டியதுதான். என் கட்சிக்காரர் ஒரு மாநகராட்சி மாமன்ற உறுப்பினர். சாலை ஒப்பந்தத்தில் அவர் பணம் வாங்கினார் என்று உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று எழுதியிருக்கிறது. மேலே சொன்ன விதிகளே அவருக்கும் பொருந்துமா?

பதில் 4: உரிமையியல் வழக்கறிஞர், சென்னை

முழுமையாகப் பொருந்தா. 1994இல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவதை அதிகாரிகள் தடுக்க முயன்றதில் எழுந்த வழக்கு அது. பொதுப் பதவியில் இருப்பவருடைய அலுவல் தொடர்பான செயல்களைப் பற்றி எழுதியது உண்மையல்ல என்று பின்னால் தெரிந்தாலும், உண்மையைப் பற்றிய அக்கறையே இல்லாமல் எழுதப்பட்டது என்று அவர் காட்டாதவரை இழப்பீடு கிடைக்காது. நியாயமான சரிபார்ப்புக்குப் பிறகு வெளியிட்டதாகப் பத்திரிகை காட்டினால் போதும். அரசும் உள்ளாட்சி அமைப்பும் தம் பெயரில் மானநஷ்ட வழக்கே போட முடியாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆகவே மாநகராட்சியை வாதியாகச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். உறுப்பினருடைய குடும்ப வாழ்க்கையைப் பற்றி எழுதியிருந்தால் நிலைமை வேறு. சாலை ஒப்பந்தம் என்பது முழுக்க அலுவல் விஷயம். செய்தியாளர் எழுதுவதற்கு முன்பு உங்கள் கட்சிக்காரரிடம் விளக்கம் கேட்டாரா என்பதை முதலில் விசாரியுங்கள்.

கேள்வி கேட்டவர்: உரிமையியல் வழக்கறிஞர், ஈரோடு

அனைவருக்கும் மிக்க நன்றி. உங்கள் பதில்களை வைத்துக்கொண்டு கட்சிக்காரரிடம் மீண்டும் உட்கார்ந்து பேசினேன். முதல் சந்திப்பில் அவர் சொல்லாத சில விவரங்கள் வெளிவந்தன.

எதிர்த்தரப்பினர் மார்ச் பதிவுக்கு முன்பு, 2024 அக்டோபரிலும் 2025 ஜனவரியிலும், டீசல் ரசீதுகளையும் பெயின்ட் வேலைக்கான விலைப்புள்ளிகளையும் காட்டுமாறு சங்கத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். இரண்டிலும் சங்க அலுவலக முத்திரையோடு பெற்றுக்கொண்ட ஒப்பம் இருக்கிறது. பதில் கொடுக்கப்படவில்லை. ரசீதுகள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் "அந்த ஆள் கேட்டால் நான் ஏன் காட்ட வேண்டும்" என்று விட்டுவிட்டதாகக் கட்சிக்காரர் சொல்கிறார். ரசீதுக் கோப்பை நான் வாங்கிப் பார்த்தேன்; டீசல் கணக்கு நாள்வாரியாக, ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கோடு ஒழுங்காக இருக்கிறது. பெயின்ட் வேலைக்கு மூன்று விலைப்புள்ளிகள் வாங்கி, குறைந்ததற்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

மற்றொன்று, அந்த வாட்ஸ்அப் குழுவில் உரிமையாளர்கள் மட்டும் இல்லை. வாடகைக்கு இருப்பவர்கள், எலக்ட்ரீஷியன், பால் போடுபவர், வீட்டுத் தரகர் ஒருவர் என்று பலரும் இருக்கிறார்கள். கட்சிக்காரர் ஒரு கட்டுமானப் பொருள் வியாபாரி. அந்தத் தரகர் மூலம் பேச்சு வெளியே பரவி, சரக்கைக் கடனாகத் தந்துவந்த ஒருவர் அதை நிறுத்தியதாகவும் சொல்கிறார். கட்சிக்காரர் போன மாதம் கைப்பேசியை மாற்றியிருக்கிறார்; அதுவும் சிக்கலாகுமா?

பதில் 5: குற்றவியல் வழக்கறிஞர், மதுரை

இந்த விவரங்கள் இரண்டு பக்கமும் வெட்டுகின்றன சார்.

அந்த இரண்டு கடிதங்களும் எதிர்த்தரப்பின் கையிலுள்ள மிக வலிமையான ஆவணங்கள். உரிய கவனத்தோடு நடந்துகொண்டேன், கேட்டேன், கொடுக்கவில்லை, அதன்பிறகே எழுதினேன் என்று ஒன்பதாவது விதிவிலக்குக்கு அவர் அடித்தளம் போட்டு வைத்திருக்கிறார். ஆனால் அந்த அடித்தளம் 2025 மார்ச் பதிவுக்குத்தான் பயன்படும். முதல் கடிதமே 2024 அக்டோபரில்தான் என்பதால், மே மாதம் டீசல் பற்றி எழுதும்போது அவர் எதையும் கேட்டிருக்கவில்லை. உரிமையியலில் செத்துப்போன அந்தப் பதிவுதான் குற்றவியலில் உங்களுக்கு வலுவானது. கணக்குக் கேட்டுக் கிடைக்கவில்லை என்பதும், திருடன் என்று சொல்வதும் ஒன்றல்ல என்ற வாதம் மார்ச் பதிவுக்கும் இருக்கவே இருக்கிறது. "கேட்டும் கணக்குக் காட்டவில்லை, காட்டும்வரை பணம் கட்டாதீர்கள்" என்று அவர் எழுதியிருந்தால் நான் உங்களை வழக்கே போட வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஓர் உரிமையாளருக்கு அப்படிக் கேட்கும் உரிமை உண்டு, அந்த உரிமையை அவதூறுச் சட்டத்தைக் காட்டி நசுக்குவதற்கு நாம் கருவியாகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

குழுவில் யார் யார் இருந்தார்கள் என்பது உங்களுக்குச் சாதகம். சங்க நிதியில் உரிமையாளர்களுக்குப் பொதுவான அக்கறை உண்டு. அவர்களுக்குள் பேசிக்கொள்வதற்கு உரிமையியலில் வரையறுக்கப்பட்ட சிறப்புரிமை என்ற பாதுகாப்பும் உண்டு, தீய நோக்கம் இல்லாதவரை. பால் போடுபவருக்கும் வீட்டுத் தரகருக்கும் பெயின்ட் ஒப்பந்தத்தில் என்ன அக்கறை? அவர்களும் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதியதால் அந்தப் பாதுகாப்பு தளர்ந்துவிடுகிறது. பொதுக்குழுவில் சொன்னதற்கு அது பெரும்பாலும் நிற்கும். அங்கே இருந்தவர்கள் உறுப்பினர்கள் மட்டுமே. அதனால் பொதுக்குழுப் பேச்சை வழக்கின் மையமாக வைக்காதீர்கள். கடன் நிறுத்தியவர் சாட்சிக் கூண்டேறத் தயாரா என்று கேளுங்கள்; அவர் வந்தால் இழப்பீட்டுத் தொகைக்கு ஒரு நிலைத்த அடி கிடைக்கும்.

கைப்பேசியைப் பற்றி: பழைய கைப்பேசி விற்கப்படவில்லை என்றால் உடனே வாங்கி, எதையும் அழிக்காமல், உறையிலிட்டு வைக்கச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் அச்சை மட்டும் தாக்கல் செய்தால் போதாது. பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் வேண்டும். பழைய சட்டத்தின் 65பி பிரிவைப் போலன்றி இது இரண்டு பகுதிகள் கொண்டது, ஒன்றைக் கருவி வைத்திருப்பவரும் மற்றொன்றை நிபுணரும் கையொப்பமிட வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். பழையது விற்றுப் போயிருந்தால், அதே குழுவில் இருக்கும் வேறொருவருடைய கைப்பேசியிலிருந்து எடுத்து, அவரையே சாட்சியாக்குங்கள். அது இன்னும் நல்லது. படித்தவர் சாட்சி என்ற தேவையும் அதிலேயே நிறைவேறிவிடும்.

அறிவிப்பு அனுப்புவதிலும் கவனம் தேவை. எதிர்த்தரப்புக்கு மட்டும், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். நகலைக் குழுவில் போடுவேன் என்று கட்சிக்காரர் கேட்பார்; அனுமதிக்காதீர்கள். அவர் பெயரையும் குற்றச்சாட்டையும் சேர்த்து ஊருக்குக் காட்டினால் அதுவே எதிர்ப்புகாருக்கு வித்து. நாம் எழுதும் வழக்குரையிலும் அளவு வேண்டும். உரிமையியலில் வழக்குரைகளுக்கு முழுமையான சிறப்புரிமை உண்டு என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். நீதிமன்ற நடவடிக்கையில் தரப்பினர் சொன்னதற்கும் குற்றவியல் சட்டத்தில் அத்தகைய முழுமையான சிறப்புரிமை கிடையாது, சட்டத்திலுள்ள விதிவிலக்குகளுக்குள் வந்தாக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1926இல் திருவேங்கட முதலி வழக்கில் சொன்னது. எதிர்த்தரப்பின் ஓய்வூதியம், பிள்ளைகள், குடும்பம் என்று வழக்குக்குத் தேவையில்லாத எதையும் எழுத வேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் அறிவிப்போடு டீசல் கணக்கின் நகலையும் மூன்று விலைப்புள்ளிகளின் நகலையும் இணைத்து அனுப்புவேன். இதோ கணக்கு, பார்த்துவிட்டு இரண்டு பதிவுகளையும் அதே குழுவில் திரும்பப் பெற்று வருத்தம் தெரிவிக்க வேண்டும், பதினைந்து நாள் தருகிறோம் என்று மட்டும் கேட்பேன். சாட்சிக் கூண்டில் எப்படியும் அந்தக் கோப்பை அவர் திறந்துதான் ஆக வேண்டும். இப்போதே திறந்துவிட்டால், அதைப் பார்த்த பிறகும் எதிர்த்தரப்பு அதே குற்றச்சாட்டைப் பிடித்துத் தொங்கினால், நல்லெண்ணம் என்ற வாதம் அவரிடம் மிஞ்சாது. அவர் இறங்கி வந்தால் அதோடு முடித்துக்கொள்ளலாம். ஒருவேளை புகார் தாக்கல் செய்த பிறகு சமரசம் வந்தாலும் தடையில்லை. தனிநபருக்கு எதிரான அவதூறு, நீதிமன்ற அனுமதியின்றியே பாதிக்கப்பட்டவர் இணங்கித் தீர்த்துக்கொள்ளக் கூடிய குற்றம். சமரச மனுவில், திரும்பப் பெறும் வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் எழுதிச் சேர்த்துவிடுங்கள். பிறகு "தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் வருந்துகிறேன்" என்று எழுதி மறுபடியும் சண்டையைத் தொடங்குவார்கள்.

பதிவாளர் விசாரணைக்கு அழைத்தால் செயலாளர் தாமே கோப்போடு போகட்டும். அறிவிப்பு அனுப்பியதால் காலவரம்பு நிற்காது என்பதையும் கட்சிக்காரரிடம் சொல்லி வையுங்கள். மார்ச் பதிவின் சரியான தேதியைக் கைப்பேசியிலிருந்து குறித்துக்கொண்டு, உங்கள் நாட்குறிப்பில் 2026 பிப்ரவரி முதல் வாரத்திலேயே வழக்குத் தாக்கல் என்று எழுதி வைத்துவிடுங்கள்.